ஞானம்மா சிரித்த ஞாயிற்றுக்கிழமை

“உங்க கம்பெனி கேட்ல நிக்கிற அந்த அம்மா ஏன் யாரப் பாத்தும் சிரிக்கிறதில்ல?” என்று கம்பி ஆலையில் வேலை பார்க்கும் என் அக்காவிடம் யாரோ கேட்க, அவள் வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டாள். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு கவ்பாய் படம் எடுத்த பிறகுதான் ஊருக்கே அது தெரிந்தது.

அந்த அம்மாவின் பெயர் ஞானம்மா. கடம்பத்தூர்ப் பக்கம் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் நாற்று நட்டு, கதிர் அறுத்துப் பிழைத்தவர்கள். கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தார். கணவர் ஜெயராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஞானம்மா அந்தக் கம்பி ஆலையில் கூட்டிப் பெருக்கும் வேலையில் சேர்ந்து, பல வருடம் இரும்புத் தூசியோடு மல்லுக்கட்டினார்.

அந்த ஆலையின் கேட்டில் அப்போது சந்திரமோகன் என்றொரு செக்யூரிட்டி இருந்தார். தங்கமான மனிதர். எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார். அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சாப்பாட்டு டப்பாக்களில் செம்புக் கம்பி வெளியே போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் அவரை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள். அந்த இடத்துக்கு ஞானம்மாவைப் போட்ட சூப்பர்வைசர் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார்: “மூஞ்சில சிரிப்பப் பாத்தேன், மறுநாளே தொடப்பம்தான்.”

அன்றிலிருந்து ஞானம்மா முறைக்க ஆரம்பித்தார். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் வரிசையில் நின்று பையைத் திறந்து காட்ட வேண்டும். அவர் பையைப் பார்க்க மாட்டார், ஆளைத்தான் பார்ப்பார். தப்பு செய்தவன் கண் தானாகத் தாழ்ந்துவிடும். காக்கிச் சட்டையும், நாற்காலியும், தலைக்கு மேல் ஒரு கூரையும் அந்த முறைப்பால் வந்தவை என்று அவர் உறுதியாக நம்பினார்.

ரகு அந்த ஆலையில் தர சோதனைப் பிரிவில் இருந்தான். பழைய இத்தாலிக்காரர்கள் கைக்காசைப் போட்டுச் சிக்கனமாக எடுத்த கவ்பாய் படங்களைப் போனில் பார்த்துப் பார்த்து, நாமும் ஒன்று எடுத்தால் என்ன என்று கிளம்பிவிட்டான். துப்பாக்கி செய்ய ஒரு துண்டு பைப் வேண்டும் என்று கழிவுக் குவியலிலிருந்து எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தான். ஞானம்மா பார்த்தார். ரகு பைப்பை எடுத்து மேசையில் வைத்தான். வெளியே போகாமல் அங்கேயே நின்றான்.

“இன்னா நிக்கிற?”

“அக்கா, எங்க படத்துல வில்லி நீங்கதான்.”

“பைப்ப திருடிக்கினு வந்துட்டு பேச்சப் பாரு.”

“ஸ்பகெட்டி வெஸ்டர்ன்க்கா, இத்தாலி கவ்பாய் படம். இதுல வசனமே கெடையாது. மொறைச்சாப் போதும்.”

“ஸ்பகெட்டின்னா?”

“நூடுல்ஸ் மாதிரி.”

“மொறைக்கிறதுக்கு நூடுல்ஸ் எதுக்கு?” என்றார் ஞானம்மா. ஆனாலும் அந்த வாரமே சம்மதித்தார். தான் சிரிக்கிற மாதிரி ஒரு காட்சிகூட வரக்கூடாது என்று மட்டும் கறாராகச் சொல்லிவிட்டார்.

கதாநாயகன் கலியன், அதே ஆலையில் கிரேன் ஓட்டுகிறவன். அவனுக்கு மதிய ஷிப்ட், ஞானம்மாவுக்குக் காலை ஷிப்ட். இருவரும் ஒரே நேரத்தில் கிடைக்கவே மாட்டார்கள். ஆனால் இந்த வகைப் படத்தில் பாதி நேரம் கண்களைத்தானே காட்டுகிறார்கள். கலியன் ஒரு நீல டிரம்மை முறைத்தான். ஞானம்மா நிறுத்திவைத்த துடைப்பத்தை முறைத்தார். ரகு இரண்டையும் வெட்டி ஒட்டியபோது இருவரும் ஒருவரையொருவர் எரித்துவிடுவதுபோல் இருந்தது.

குதிரையும் இல்லை. ஜெயராஜின் லோடு ஆட்டோவில் அரிசி மூட்டைகளை அடுக்கி, மேலே கலியனை உட்காரவைத்து, மேடுபள்ளத்தில் ஓட்டினார்கள். இடுப்புக்கு மேலே மட்டும் எடுத்தார்கள். கவ்பாய் அருமையாகத் துள்ளினான்.

“மெதுவா ஓட்டு நைனா, குதிர இவ்ளோ குலுக்காது” என்று கத்தினான் கலியன்.

“நீ எந்தக் குதிர மேல ஏறின, அது தெரியறதுக்கு?” என்றார் ஜெயராஜ்.

கடைசிச் சண்டைக்கு மட்டும் இருவரும் நேருக்கு நேர் நிற்க வேண்டியிருந்தது. எல்லோரும் வார ஓய்வை மாற்றிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் வற்றிக் கிடந்த ஏரியில் கூடினார்கள். வெடித்த மண், சீமைக்கருவேல முள், தூரத்தில் புகைபோக்கி. ஞானம்மா வீட்டுக் கட்டம்போட்ட போர்வையில் கழுத்துக்கு ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டார். பிளைவுட் துப்பாக்கி, ஓலைத் தொப்பி. அவருடைய அடியாட்களாக வந்த ஃபிட்டர்கள் ஆளுக்கொரு பக்கம் செத்து விழுந்தார்கள். அவர்களில் சாம்சன் முந்தின நாள் இரவு ஷிப்ட் பார்த்தவன். செத்ததும் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு நிஜமாகவே தூங்கிவிட்டான்.

கலியன் சுட்டான். ஞானம்மா நின்றார், தள்ளாடினார், முழங்காலில் விழுந்தார், பிறகு மெல்ல மண்ணில் சாய்ந்தார். ரகு “கட்” என்றான். கைதட்டல் அடங்கியதும் கலியன் அருகில் வந்தான்.

“அக்கா, எழுந்து கேமராவப் பாத்து ஒருவாட்டி சிரிச்சிடு.”

“எதுக்கு?”

“சினிமால செத்த ஆளு சிரிக்கணும்க்கா. எல்லா ஷூட்டிங்லயும் செய்வாங்க. இல்லன்னா ஆகாது.”

“நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. எங்களுக்கு அதெல்லாம் இல்ல.”

“உனக்கு இல்லக்கா, எனக்கு இருக்குது. சுட்டது நானு. நாளைக்கு உனக்கு ஒரு ஜுரம் வந்தாகூட என் பொண்டாட்டி என்ன ஊட்ல சேக்க மாட்டா.”

கலியன் பல்லைக் காட்டினான், குரங்கு மாதிரி குதித்தான், துப்பாக்கியால் தன் முதுகைச் சொறிந்துகொண்டான். ஞானம்மாவின் முகம் அசையவில்லை. சிரித்தால் என்ன போய்விடும் என்று மற்றவர்களுக்குத் தோன்றியது. அவருக்கோ காக்கிச் சட்டையும் துடைப்பமும் மாறிமாறிக் கண்ணில் வந்தன.

“பேஜாரு பண்ணாத கலியா” என்று எழுந்து மண்ணைத் தட்டினார்.

அப்போது ஆலையில் மதிய ஷிப்ட் சங்கு ஊதியது.

செத்துக் கிடந்த சாம்சன் விசுக்கென்று எழுந்தான். கண் பாதிகூடத் திறக்கவில்லை. தொப்பியைச் சாப்பாட்டுப் பை மாதிரி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நேராக வந்து ஞானம்மா முன் நின்றான். சங்கு கேட்டு எழுந்த மற்ற பிணங்களும், முன்னால் ஒருவன் நிற்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக, அவன் பின்னால் வரிசையில் சேர்ந்துகொண்டன.

“ஒண்ணுமில்லக்கா, காலி டப்பா” என்றான் சாம்சன் தூக்கத்தில்.

ஞானம்மாவுக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு போர்வை குலுங்கியது. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். இத்தனை வருடச் சிரிப்பும் சேர்ந்து வந்தது. யாரோ ஒருவனின் போன் அதைப் பிடித்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஆலையின் வாட்ஸாப் குரூப் முழுக்க அது ஓடியது.

அன்று வீட்டில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

“போவட்டும் வுடு. சிரிச்சதுக்கா வேலய எடுப்பாங்க?” என்றார் ஜெயராஜ்.

“சந்திரமோகன் இன்னா, அழுதா எடத்த வுட்டான்?” என்றார் ஞானம்மா.

திங்கட்கிழமை ஷிப்ட் முடியும் நேரத்தில் சூப்பர்வைசரே கேட்டுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். அவரும் வீடியோவைப் பார்த்திருந்தார். வரிசை முழுக்க இளிப்பு. ஞானம்மா பழையபடி முறைக்கப் பார்த்தார். வேண்டுமென்றே சாம்சன் தன் பையை அந்தத் தொப்பியைப் பிடித்த மாதிரியே விரித்துப் பிடித்தான். அவ்வளவுதான், உதடு கட்டுப்பாட்டை மீறிவிட்டது. இனி என்ன செய்தாலும் ஒன்றுதான் என்று விட்டுவிட்டார்.

சாம்சனுக்குப் பின்னால் வந்தவன் மதிவாணன். இன்று கேட் தளர்ந்துவிட்டது என்று கணக்குப் போட்டவன்போல் பையை அக்குளில் இடுக்கியிருந்தான். ஞானம்மா அவனைப் பார்த்து, முகத்தில் மிச்சமிருந்த சிரிப்போடு கேட்டார்.

“இன்னா தம்பி, சாப்ட்டியா?”

மதிவாணன் பையை இன்னும் இறுக்கினான். அவர் முகத்தையே பார்த்தான். சிரிப்பு அங்கிருந்து போகவில்லை. அவன் நெற்றி வேர்த்தது.

“ஒரு நிமிஷம்க்கா. ஒரு சாமான உள்ள வெச்சிட்டு வந்துடறேன்” என்று திரும்பி ஓடினான். அவனுக்குப் பின்னால் நின்ற இன்னும் இரண்டு பேரும், எதையோ மறந்தவர்கள்போல், அவனோடு உள்ளே ஓடினார்கள்.

சூப்பர்வைசர் கட்டிய கையை அவிழ்த்தார். “இதையே கன்டின்யூ பண்ணும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கலியன்தான் பிறகு விளக்கினான். “மொறைச்சா நமக்குக் கோவம் வரும், கோவத்துல தைரியம் வரும். இவங்க சிரிக்கிறப்போ எல்லாம் தெரிஞ்சிபோச்சோன்னு பயம் வந்துடுது.”

இப்போது ஞானம்மா கேட்டில் எல்லோரையும் நலம் விசாரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் படத்தின் முடிவில் வைத்துக்கொள்ளலாம் என்று ரகுவிடம் அவரே சொல்லிவிட்டார். கலியனும் வீட்டில் நிம்மதியாக இருக்கிறான்.

உங்களுக்கும் ஒரு கேட், ஒரு கவுன்ட்டர், ஒரு டிக்கெட் ஜன்னல் தெரிந்திருக்கும். அங்கே முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு இந்தக் கதையைத் தயவுசெய்து அனுப்புங்கள். அனுப்ப முடியாவிட்டால், அடுத்த தடவை வரிசையில் நிற்கும்போது நீங்களே சொல்லிவிடுங்கள்.