அவர் பெயரில் இருந்த ஃபோல்டர்

எனக்கும் அவருக்கும் பேச்சு நின்றுபோனதற்கு ஒரு கம்ப்யூட்டர் ஃபோல்டர்தான் காரணம் என்றால் வெளியே யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் வீட்டிலேயே நம்பவில்லை. வேறு ஏதோ நடந்திருக்கிறது, மறைக்கிறேன் என்று அம்மா இன்றைக்கும் நினைக்கிறாள்.

துறைமுகச் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது கம்ப்யூட்டர் பிரிவில் அவர் ஒருவர்தான் இருந்தார். என்னைவிட வெகுவாக மூத்தவர். ஆபீஸ் முழுக்க அண்ணாச்சி என்று கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். எங்கள் பங்குக் கோயில்காரர் வேறு. அவர் மனைவியும் அம்மாவும் ஒரே அன்பியம். மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லுவார்கள். அதனால் முதல் சில மாதம் நல்லபடியாகவே போனது.

சர்வரில் லினக்ஸ் என்ற சிஸ்டம் ஓடியது. எந்த மென்பொருளைப் போட்டாலும் அதன் கோப்புகள் இன்ன இடத்தில்தான் போய் உட்கார வேண்டும் என்று அதில் ஒரு முறை உண்டு. அப்படிப் போட்டால் எது எங்கே இருக்கிறது என்று சிஸ்டத்துக்கே தெரியும், புதுப்பிக்கும்போது அதுவே பார்த்துக்கொள்ளும். அண்ணாச்சி அப்படிப் போடவில்லை. லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்கான மென்பொருளைத் தன் பெயரில் இருந்த ஃபோல்டருக்குள் வைத்திருந்தார். எந்தப் பெட்டி எந்த வரிசையில் நிற்கிறது என்று காட்டும் மென்பொருளில் பாதி ஒரு மூலையில், மீதி இன்னொரு மூலையில். எது எங்கே என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். கேட்டால் சொல்ல மாட்டார். "நான் பாத்துக்கிடுதேன்" என்று கீபோர்டை என் பக்கத்திலிருந்து இழுத்துக்கொள்வார். அவர் லீவு போட்டால் ஆபீஸே அவருக்கு போன் போட்டுக்கொண்டு கிடக்கும். அது அவருக்குப் பிடித்திருந்தது.

பழைய சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று ஆனதும் புதியதுக்கு மாற வேண்டி வந்தது. புதியதில் அடிப்படை ஃபோல்டர்களையே சேர்த்து ஒன்றாக்கியிருந்தார்கள். எங்கள் மென்பொருள்கள் இப்படிச் சிதறிக் கிடந்தால் பாதி ஓடாது. எல்லாவற்றையும் முறையான பேக்கேஜாகக் கட்டி ஓரிடத்துக்குக் கொண்டுவர வேண்டும். மேனேஜர் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார், அதுவும் அண்ணாச்சியை வைத்துக்கொண்டே. மேனேஜர் மேல் வந்த கோபத்தை அவர் என் மேல்தான் காட்டினார்.

"நான் போட்டத நீ எடுக்கப் போறியோ? எடுத்துத்தான் பாரேன்" என்றார்.

முதலில் எடைமேடை மென்பொருளை எடுத்தேன். தனியாக ஒரு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தபோது ஒழுங்காக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை லாரி வரத்து இல்லாத நேரம் பார்த்து சர்வரில் மாற்றி, பழைய கோப்புகளை அழித்தேன். திங்கள் காலை எடை சரியாக விழுந்தது, ரசீது மட்டும் அச்சாகவில்லை. கன்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லர்கள் கேட்டைத் தாண்டிச் சாலையில் வரிசை கட்டிவிட்டன. விளாத்திகுளம் பக்கத்து டிரைவர் ஒருவர் ஆபீசுக்குள்ளேயே ஏறி வந்து, விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை, எங்கள் விளையாட்டுக்கு அவர்தான் கிடைத்தாரா என்று சத்தம் போட்டார். அண்ணாச்சி எழுந்து அவரிடம் என்னைக் கைகாட்டினார்.

"அந்தா இருக்கால்லா, அவட்ட கேளுங்க. நல்லா ஓடிக்கிட்டிருந்தத மாத்தி வச்சது அவதான்."

பிறகு டீ கிளாசோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். டிரைவர் திட்டத் திட்ட நான் தேடினேன். ரசீதின் தலைப்பில் கம்பெனியின் படம் ஒன்று வரும். அந்தப் படத்தைக்கூடத் தன் ஃபோல்டரிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று அவர் எழுதி வைத்திருந்தார். படம் அங்கே இல்லை என்றதும் ரசீதே நின்றுபோயிருக்கிறது. நான் சோதித்த கம்ப்யூட்டரில் அவருடைய ஃபோல்டரின் நகலும் இருந்ததால் அங்கே இது தெரியவில்லை. படத்தைப் புது இடத்தில் வைத்துப் பாதையை மாற்றினேன். பிரிண்டர் ஓடத் தொடங்கியது.

திரும்பிப் பார்த்து, தெரிந்தே சும்மா நின்றீர்களா என்று கேட்டேன்.

"நீ எங்கிட்ட கேக்கவே இல்லையே" என்றார்.

அன்றோடு அண்ணாச்சி என்று கூப்பிடுவதை விட்டேன்.

அதற்குப் பிறகு வினோதமாக ஒன்று நடந்தது. நான் ஒரு மென்பொருளைப் புது இடத்துக்கு மாற்றிப் பழைய ஃபோல்டரை அழிப்பேன். மறுநாள் காலை அது முன்பு இருந்த இடத்திலேயே இருக்கும், மென்பொருளும் அங்கிருந்துதான் ஓடிக்கொண்டிருக்கும். என் கையில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் என்னையே சந்தேகப்பட்டேன். தோண்டிப் பார்த்ததில், அவருடைய மெஷினிலிருந்து தினமும் எல்லாவற்றையும் பழையபடி கொண்டுவந்து வைக்கிற ஸ்கிரிப்ட் ஒன்று அகப்பட்டது. அதிலும் அவர் பெயர்தான். எல்லாரும் இருக்கும்போதே கேட்டேன்.

"ஆமா, நான்தான் போட்டேன். நாளைக்கும் போடுவேன்" என்றார்.

மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் இடத்துக்கு வந்து சர்வரில் அவருக்கிருந்த அட்மின் அதிகாரத்தை எடுத்துவிட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வந்து பாஸ்வேர்டைத் தட்டினார். ஏற்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிறுத்தி நிதானமாகத் தட்டினார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மனசுக்கு இதமாக இருந்தது.

"ஏளா, என்ன பண்ணி வச்சிருக்க?"

"இனி உங்களுக்கு அங்கன வேலை இல்ல" என்றேன்.

அவர் கீபோர்டை மேசையில் அடித்த அடியில் இரண்டு கட்டைகள் தெறித்து விழுந்தன. நேராக மேனேஜரிடம் போனார். மேனேஜர் இருவரையும் உட்கார வைத்து, அனுசரித்துப் போங்கள் என்றார். அவருக்கு அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தால் சிஸ்டம் மாற்றும் வேலைக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். மேனேஜருக்கு அப்போது வேலை முடிவதுதான் முக்கியம். கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து அவரைக் கேட் ஆபீசுக்கு மாற்றினார்கள். போகும்போது சர்வர் அலமாரியில் தான் ஒட்டியிருந்த மாதா படத்தைப் பெயிண்டோடு பிய்த்து எடுத்துக்கொண்டு போனார். இந்த ரூமில் மாதாவுக்கு என்ன வேலை என்று எனக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் போனார்.

மீதியை ஒரு தடையும் இல்லாமல் மாற்றி முடித்தேன். புது சிஸ்டம் ஏறியது. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. யாரும் கவனிக்கக்கூட இல்லை.

சண்டை தெருவுக்கு வந்தது. அவர் மனைவி மீன் வாங்கும் இடத்தில் அம்மாவைப் பார்த்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனாள். அன்பியம் எங்கள் வீட்டு முறை வந்தபோது அந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அம்மா அவர்களுக்கும் சேர்த்து அவித்திருந்த சுண்டலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். வயசான மனுஷனை இடத்தை விட்டுக் கிளப்பிவிட்டாயே என்று அன்று ராத்திரி என்னைத் திட்டினாள். அவர் செய்ததையெல்லாம் விளக்கிச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. புரியாததைக் கேட்டுக்கொள்ளும் பொறுமையும் அன்று அவளிடம் இல்லை.

ஒரு ஞாயிறு பூசையில் அவர் எனக்கு முன்வரிசையில் இருந்தார். ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவியுங்கள் என்று சாமியார் சொன்னதும் எல்லாரும் திரும்பிக் கும்பிட்டார்கள். அவரும் கைகூப்பித் திரும்பினார். நான் என்று கண்டதும் கையை இறக்கிவிட்டு முன்னால் பார்த்துக்கொண்டார். அம்மா என் முழங்கையில் கிள்ளினாள். நீயாவது கும்பிடு என்று அர்த்தம். நான் வலப்பக்கம் நின்ற, முன்பின் தெரியாத ஒரு பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டேன்.

இப்போதும் கேட் ஆபீசிலிருந்து என் மேல் புகார் மெயில் வந்துகொண்டுதான் இருக்கிறது. ரசீது மெதுவாக வருகிறது, எழுத்து சின்னதாக இருக்கிறது என்று ஏதாவது ஒன்று. மேனேஜருக்கும் ஒரு நகல் போட்டிருப்பார். ஒரு குறையும் இல்லை என்று ஒரே வரியில் பதில் அனுப்புவேன், வணக்கம்கூடப் போடாமல்.