தம்பியின் சோற்றில் நான் கலந்தது

நான்கு வருடங்களுக்கு முன்பு, சேரன்மகாதேவியில் ஐப்பசி மழை பிடித்திருந்த நேரம். என் தம்பிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் எரிந்துபோனால் அதற்குக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவன் தொழில். சுற்று வட்டாரத்தில் அவன் கைக்கு நல்ல பெயர். நான் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அப்பா இல்லை. அம்மா, தம்பி, நான் என்று மூன்று பேர்தான் வீட்டில்.

ஆடி மாதத்திலிருந்தே அவன் சரியில்லை. தனக்குத்தானே பேசினான். தன் கடையில் இருந்த மின்விசிறிக்குள் யாரோ ஒட்டுக்கேட்கும் கருவி வைத்திருப்பதாகச் சொல்லி அதைக் கழற்றிப் போட்டான். தூக்கமே கிடையாது. யாரையும் அவன் கை நீட்டி அடித்ததில்லை, ஒரு தம்ளரைக்கூட வீசி எறிந்ததில்லை. ஆனாலும் தெருவில் அவன் வருவதைப் பார்த்தால் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

எங்கள் மாமா, அம்மாவுக்குத் தம்பி, பாளையங்கோட்டையில் தனக்குத் தெரிந்த ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போனார். அழைத்துப் போனது என்னை. நோயாளி வீட்டில் இருந்தான்! நான் சொன்னதை அந்த மருத்துவர் ஐந்து நிமிடம்கூடக் கேட்கவில்லை. தம்பியைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டேன்.

“எதுக்கும்மா? கூப்பிட்டா வர மாட்டான். மாத்திரை குடுத்தா துப்பிருவான். சொட்டு மருந்து எழுதுதேன். ருசி, வாசனை ஒண்ணும் இருக்காது. குழம்புல கலந்து குடுத்துருங்க. அவனுக்குத் தெரியவே வேண்டாம்” என்றார்.

வருவானா, துப்புவானா என்று அவனிடம் கேட்டுப் பார்த்தவர் யார்? முகத்தைக்கூடப் பார்க்காத ஒருவனுக்கு எந்த தைரியத்தில் மருந்து எழுதினார்? ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அன்று எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. தம்பியிடம் உட்கார்ந்து இதைப் பற்றிப் பேச வேண்டிய கஷ்டம் இல்லாமல் போயிற்றே என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து அவன் தட்டில் குழம்பு ஊற்றுவது என் வேலையானது. பத்து நாளில் நன்றாகத் தூங்கினான். தனியே பேசுவது குறைந்தது. மாமா என்னைக் கெட்டிக்காரி என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பிறகு அவன் கைகள் நடுங்க ஆரம்பித்தன. கழுத்து விறைத்துக்கொண்டது. முடி அளவு மெல்லிய செப்புக் கம்பியைக் கணக்குத் தப்பாமல் சுற்றுகிற கை, தம்ளரில் தண்ணீரைச் சிந்தாமல் பிடிக்க முடியாமல் தவித்தது.

“எக்கா, கை சொன்னபடி கேக்க மாட்டேங்கு. எனக்கு என்னமோ ஆவுது” என்று ஒரு நாள் என்னிடம் வந்து நின்றான். கண்ணில் அப்படி ஒரு பயம். காரணம் என்னவென்று எனக்கு லேசாகப் புரிந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மருத்துவருக்குப் போன் செய்தேன். கொஞ்ச நாளில் சரியாகிவிடும், நிறுத்த வேண்டாம் என்று வைத்துவிட்டார். கடையைப் பூட்டிவிட்டுத் தம்பி வீட்டிலேயே முடங்கினான்.

அப்புறம் ஒரு மத்தியானம், மாமாவும் வந்திருந்தார். தட்டை நகர்த்தி வைத்துவிட்டுத் தம்பி நிதானமாகச் சொன்னான். “நீங்க சோத்துல எதையோ கலக்குதீங்க. சாப்பிட்ட பொறவுதான் எனக்கு நாக்கு இழுக்கு.”

மாமா சிரித்தார். “பாத்தியா, சீக்கு முத்திட்டு” என்று அவன் எதிரிலேயே அம்மாவிடம் சொன்னார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். தம்பி யாரையும் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்தான். நான் அவன் கண்ணைப் பார்த்தே சொன்னேன். “ஒண்ணும் கலக்கலைலே. உன் சீக்குதான் உன்னைய அப்படிப் பேச வைக்கு. பேசாம சாப்பிடு.”

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இதைவிடக் கேவலமானது வேறு இல்லை. அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை. அந்த வீட்டில் அன்று உண்மை பேசியவன் அவன் ஒருவன்தான். அவனைத்தான் நாங்கள் பைத்தியம் என்றோம்.

அதோடு வீட்டுச் சாப்பாட்டை நிறுத்தினான். கடைச் சாப்பாடும் வேண்டாம் என்றான். கூடப் பிறந்தவளையே நம்ப முடியாதவன் ஓட்டல்காரரை எப்படி நம்புவான்? நான்காம் நாள் காலை பேருந்து நிலையத்தில் மயங்கி விழுந்தான். யாரோ அரசு மருத்துவமனையில் சேர்த்துவிட்டு எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

குளுக்கோஸ் ஏறி அவன் கண் விழித்த பிறகு, மனநலப் பிரிவிலிருந்து ஒரு பெண் மருத்துவர் வந்தார். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். தம்பி பக்கத்தில் இருந்ததால், ஒன்றும் இல்லை என்றேன். அவர் அவன் கையை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

“இந்த விறைப்பு மருந்துனால வாரது. மறைக்காம சொல்லுங்க. என்ன குடுத்தீங்க?”

என் கைப்பையில்தான் அந்தப் புட்டி இருந்தது. எடுத்து நீட்டினேன். தம்பி அதைப் பார்த்தான். கத்துவான் என்று நினைத்தேன். “நான் சொன்னேம்லா” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மருத்துவர் என்னைச் சும்மா விடவில்லை. வெளியே கூட்டிப்போய் வாங்கு வாங்கென்று வாங்கினார். யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று பயப்படுவது இந்த நோயிலேயே உண்டு, அந்தப் பயத்தை வீட்டுக்காரர்களே உண்மையாக்கிக் கொடுத்தால் அவர் எந்தக் காலத்தில் மருந்தை நம்புவார் என்று கேட்டார்.

மறுநாள் அவர் தம்பியின் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவனுக்கு என்ன நோய், எந்த மருந்து என்ன செய்யும், எதனால் கை நடுங்கியது என்று ஒவ்வொன்றாக அவனிடமே சொன்னார். வேறு மருந்து தருகிறேன், சாப்பிடுவீர்களா என்று கேட்டார். அவன் அவர் பக்கம் திரும்பினான்.

“இதைத் தின்னா அந்தச் சத்தம் நிக்குமா டாக்டர்? எந்நேரமும் ஒருத்தன் காதுக்குள்ள ஏசிக்கிட்டே இருக்கான். கை நடுங்காம இருந்தாச் சரி. குடுங்க.”

காதுக்குள் ஒருவன் ஏசுகிறான் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நான்கு மாதமாக அவன் அதிலிருந்து தப்பிக்க வழி தேடியிருக்கிறான். ஒரு தரம் கேட்டிருந்தால் அவனே மருந்துக்குக் கை நீட்டியிருப்பான். நாங்கள் யாருமே கேட்கவில்லை.

புது மருந்தில் நடுக்கம் பைய அடங்கியது. சத்தம் முழுவதும் போகவில்லை, சமாளிக்க முடிகிறது என்கிறான். மாத்திரையை அவனே எடுத்துச் சாப்பிடுகிறான், கடையையும் திறந்துவிட்டான். ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் நான் பரிமாறி அவன் சாப்பிடவில்லை. தனியாகப் பொங்கித் தின்றான். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். “சரி விடுக்கா” என்றான். என்னால்தான் விட முடியவில்லை.

சமீபத்தில் அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர், தன் மனைவிக்குத் தெரியாமல் காபியில் மருந்து கலப்பதாகச் சாமர்த்தியம் போலச் சொன்னார். அத்தனை பேர் முன்னாலும் அவரிடம் சண்டை போட்டேன். மனநோய் வந்தவருக்குச் சொன்னால் புரியாது என்று யாராவது சொல்லும்போது, கண்ணைப் பார்த்துப் பொய் சொன்ன அந்த மத்தியானத்து என்மீதுதான் எனக்கு முதலில் கோபம் வருகிறது. அது ஆறவே வேண்டாம் என்றுதான் இருக்கிறேன்.