கடுக்காய் லாரி

போன வாரம் வயிறு சரியில்லை என்று நாட்டுமருந்துக் கடைக்குப் போய்க் கடுக்காய்ப் பொடி கேட்டேன். கடைக்காரர் பொட்டலம் எடுக்கத் திரும்பிய நேரத்தில், ஜாடியிலிருந்த முழுக் கடுக்காய் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினேன். ஒன்றை நகத்தால் கீறி முகர்ந்தேன். “இது காயும்போது மழையில நனைஞ்ச சரக்குங்க” என்றேன். அவர் என்னை ஏதோ சோதனை அதிகாரி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. “நல்லதா தர்றேன் சார்” என்று உள்ளே போய் வேறு பொட்டலம் கொண்டுவந்தார். இந்த வேலைக்குச் சம்பளம் கொடுக்க ஆளில்லாமல் போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. கை மட்டும் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

எழுபதுகளின் பின்பாதியில், பாலாற்றங்கரை ஊர் ஒன்றில், தோல் ஷாப்பில் வேலை பார்த்தேன். தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு லாரி கிளீனர், பந்தல் வேலை, ஓட்டலில் மாவாட்டுவது என்று சுற்றிவிட்டு, ஓரிடத்தில் ஐந்து வருடம் நின்றேன் என்றால் அது அங்கேதான். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய தோல் கடைசியாகக் கடுக்காய்க் குழிக்கு வரும். அங்கே மூட்டை பிரிப்பது, ரகம் பார்ப்பது, இடித்து ஊறவைப்பது என் வேலை. சாக்கு மூட்டைகளின் மேல் கறுப்பு மையில் ‘ஜமுனாமரத்தூர்’ என்று எழுதியிருக்கும். எழுதிய ஆளுக்கு மெய்யெழுத்தின் மேல் தனிப் பிரியம் போல. புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் காலணா அளவுக்கு ஒரு வட்டம் இருக்கும். ஐந்து வருடமும் வருடத்துக்கு ஒரு லாரி நிறைய அந்த வட்டங்களைப் பார்த்தேன். அந்த ஊரைப் பார்த்ததில்லை.

பிறகு ட்ரம் வந்தது. ரசாயனத்தைக் கொட்டி ட்ரம்மைச் சுற்றவிட்டால், எங்கள் குழியில் வாரக்கணக்கில் ஆகிற வேலை இரண்டொரு நாளில் முடிந்தது. சித்திரை மாதம் மேஸ்திரி எங்களில் பதினோரு பேரைக் கூப்பிட்டார்.

“கொஞ்ச நாளு வூட்ல இருங்கப்பா. ஆள் சொல்லி அனுப்பறேன்.”

நான் அதை நம்பினேன். நாலு மாதம் ஊரைவிட்டு நகரவில்லை. ஆள் வரும் நேரத்தில் நான் இல்லாமல் போய்விட்டால்? ஐந்தாவது மாதம் ஷாப்புப் பக்கம் போய் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். குழிகளை இடிசல் கொட்டி மூடியிருந்தார்கள். அதன் மேல் ஒரு நாய் படுத்திருந்தது.

அதற்குப் பிறகுதான் தேட ஆரம்பித்தேன். எந்த ஷாப்புக்குப் போனாலும் ஒரே கேள்வி. “குழி ஆளா? ட்ரம் தெரியுமா?” தெரியாது. யாராவது தொட விட்டால்தானே தெரியும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வரிசையில் நின்று பதிந்தேன். “எட்டாவது பாஸா, ஃபெயிலா?” என்றார் குமாஸ்தா. “பரீட்சைக்கே போகலைங்க” என்றேன். “அப்ப ரெண்டும் இல்ல” என்று சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

வேலை இல்லாதவனுக்கும் நேரம் தவறாமை உண்டு. காலை பத்து மணிக்கு டீக்கடையில் இருக்கக் கூடாது, கேள்வி கேட்பார்கள். தெருவில் மெதுவாக நடக்கக் கூடாது. நான் எங்கேயோ அவசரமாகப் போகிறவன் மாதிரி ஆற்றுப்பாலம் வரை வேகமாக நடப்பேன், அதே வேகத்தில் திரும்புவேன். செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். சாப்பாடு அண்ணன் வீட்டில். அண்ணி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சோறு போடும்போது கரண்டியின் சத்தம் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது.

தோல் ஷாப்பு ஆள் மேல் ஒரு வாடை இருக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலி. கூட்டம் நெரிந்தாலும் நான் காலை நீட்டிக்கொண்டு போகலாம். வேலை போன எட்டாவது மாதமோ என்னவோ, ஒருநாள் பஸ்ஸில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் என் தோள்மேல் சாய்ந்து தூங்கியும்விட்டார். நான் என் கையை முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆள் சொல்லி அனுப்ப மாட்டார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

அப்போதுதான் மூட்டையின் மேலிருந்த பெயர் ஞாபகம் வந்தது. அத்தனை மூட்டை வருகிற இடத்தில் ஒரு ஆளுக்கு வேலை இல்லாமலா இருக்கும்? என் மூளை அப்படித்தான் கணக்குப் போட்டது. கடுக்காயை வாங்கிய ஷாப்பே என்னை வேண்டாம் என்றபின், கடுக்காய் விளைகிற இடத்தில் யார் என்னை வேண்டும் என்பார்கள் என்று தோன்றவேயில்லை. தை கடைசியில் பஸ் மாறி மாறி மலையேறினேன். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்ததை விட்டுவிடுகிறேன்.

ஜமுனாமரத்தூரில் அன்று சந்தை. புளி, சாமை, தேன் என்று விரித்திருந்த இடத்தில் கடுக்காய்க்காரர் யார் என்று விசாரித்தேன். தலையில் துண்டு கட்டிய ஒருவரைக் காட்டினார்கள். சடையன் என்று பெயர், நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் அவர் மனைவி பூங்காவு.

“எங்கேருந்து வர்றீங்க?” என்றார் சடையன்.

“பாலாத்துப் பக்கம். தோல் ஷாப்புலேருந்து...”

வேலை போய்விட்டது என்ற பாதி வாய்க்குள்ளேயே இருந்தது. அதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “ஏ பூங்காவு, ஷாப்பாளு வந்துட்டாரு பாரு! லாரி எப்பங்க வருது?”

நான் காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை. “வரும்” என்றேன்.

அந்த ஒரு சொல் எனக்கு ஆறு வாரம் சோறு போட்டது.

அவர்கள் ஊர் சந்தையிலிருந்து மூன்று மைல் நடை. பதினைந்து வீடு இருக்கும். ஊருக்கு மேலே ஒரு பெரிய பாறை. அதன்மேல் கடுக்காய் காய்ந்துகொண்டிருந்தது. சாக்குகள் நிரம்பிக்கொண்டிருந்தன. பூங்காவு மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவர். கடுக்காய்த் தண்ணீரில் துருப்பிடித்த ஆணிகளை ஊறப்போட்டால் மை கறுகறுவென்று வரும். அதில் குச்சியைத் தொட்டுச் சாக்கின்மேல் எழுதினார். வட்டத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“அக்கா, அஞ்சு வருஷமா உங்க எழுத்தத்தான் படிச்சினு இருந்தேன்.”

“அப்ப உனக்கு வேற படிப்பு இல்லன்னு சொல்லு” என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. பாறையில் உட்கார்ந்து ரகம் பிரித்தேன். வண்டு துளைத்தது, சூம்பியது, பிஞ்சு என்று தனித்தனியாக ஒதுக்கினேன். பூங்காவு இடுப்பில் கை வைத்துப் பார்ப்பார். “நாங்க காடு காடா பொறுக்கினு வர்றோம். ஷாப்புக்காரரு குந்தினு பேர் வைக்கிறாரு.” சொல்லிவிட்டுச் சாமைச் சோறும் துவையலும் போடுவார். கரண்டியில் சந்தேகமான சத்தம் எதுவும் கேட்காது. அதுதான் எனக்கு உறுத்தும். உறுத்தினாலும் தட்டில் மிச்சம் வைக்க மாட்டேன்.

சந்தைக்குச் சந்தை தபாலாபீசுக்குப் போவேன். சர்க்கரை ஆலை, பஸ் கம்பெனி, அச்சாபீஸ் என்று கிடைத்த இடத்துக்கெல்லாம் மனு எழுதி, பதில் போட இந்த முகவரியைக் கொடுத்திருந்தேன். தபால்காரருக்கு என் முகம் பழகிவிட்டது. “வந்தா குடுக்காம வச்சினு இன்னாய்யா பண்ணப்போறேன்? வரும், போ” என்பார். வெளியே சடையன் காத்திருப்பார். “லெட்டர் வந்துச்சா தம்பி?” அவர் கேட்டது லாரியைப் பற்றி ஷாப்பு எழுதும் கடிதம். நான் தேடியது வேறு கடிதம். “இன்னும் இல்லண்ணா, வரும்” என்பேன். இருவரும் முறுக்கு வாங்கித் தின்றுகொண்டே மலைப்பாதையில் நடப்போம். தபால்காரர் என்னிடம் சொன்னதை நான் அவரிடம் சொல்கிறேன் என்பது ஒவ்வொரு வாரமும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

எனக்குத் தெரியாமலிருந்தது ஒன்று. அந்தப் பருவத்தில்தான் மலைக்குக் கீழே சந்தவாசல் பக்கம் கரும்பு வெட்டு. மலைக்காரர்கள் குடும்பம் குடும்பமாக இறங்கி வெட்டிவிட்டு வருவார்கள். மழை இல்லாத மாதங்களை ஓட்டுவது அந்தக் கூலியில்தான். ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி சந்தைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். சடையன் வீட்டார் மட்டுமல்ல, அந்தப் பதினைந்து வீட்டாரும் லாரி வரும் என்று இறங்காமல் இருந்தார்கள்.

பங்குனி பிறந்தபின் ஒரு சந்தைநாளில் மேஸ்திரி லாரியோடு வந்து நின்றார். பின்னால் ஏற்கெனவே பத்துப் பேர் ஏறியிருந்தார்கள்.

“சடையா, இதான் கடைசி வண்டி. வர்றியா இல்லியா? அப்புறம் ஆள் எடுக்க மாட்டன்.”

“எங்களுக்கு ஷாப்பு லாரி வருதுபா” என்றார் சடையன். சொல்லிவிட்டு என் தோளில் கை போட்டார். “இதோ, ஷாப்பாளே இங்க கீறாரு.”

மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். என் செருப்பைப் பார்த்தார். வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

“வராதுண்ணா” என்றேன்.

“இன்னாது?”

“லாரி வராது. குழிய மூடிட்டாங்க. கடுக்கா இனிமே வேணாம் அவங்களுக்கு. என்னையும் வேணாம்னுட்டாங்க. பத்து மாசமாச்சு.”

சடையனின் கை என் தோளிலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். பூங்காவுதான் கேட்டார்.

“அப்ப எந்த லெட்டருக்கு வாராவாரம் போய்ட்டு வந்தே?”

“எனக்கு வேலை கேட்டு எழுதியிருந்தேன்கா.”

“எங்க வேலைய உக்கார வச்சிட்டு உனக்கு வேலை தேடுனியா?”

கேட்டுவிட்டு அவர் சந்தைக்குள் ஓடினார். ஊர்க்காரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அரைமணி நேரம் மேஸ்திரியைக் கெஞ்சி நிறுத்திவைத்தது சடையன். வீட்டிலிருந்தவர்களுக்குச் சொல்லியனுப்ப நேரமில்லை. ஆறு வீட்டார் ஏற முடிந்தது. ஒன்பது வீட்டாருக்கு அந்த வருடக் கரும்பு போய்விட்டது.

வண்டி நகரும்போது சடையன் மேலிருந்து கையை நீட்டினார். “ஏறு.”

“எனக்கு வெட்டத் தெரியாதுண்ணா.”

“அங்க ட்ரம் தெரியுமான்னு எவனும் கேக்க மாட்டான். ஏறு.”

எப்போதோ பாறையில் உட்கார்ந்து ட்ரம் கதையை, யாருக்கோ நடந்தது போல அவரிடம் சொல்லியிருந்தேன். அது யார் கதை என்று அவருக்கு இப்போது தெரிந்திருந்தது.

கரும்புச் சோகை கையைக் கிழித்தது. பத்து மாதத்துக்குப் பிறகு முதல் கூலி வாங்கினேன். பூங்காவு அந்தப் பருவம் முழுக்க என்னோடு பேசவில்லை. களி மட்டும் எல்லோருக்கும் போல எனக்கும் தட்டில் விழும். சித்திரை மழைக்குப் பிறகு மலைக்குத் திரும்பினோம். வாங்க ஆளில்லை என்று யாரும் எடுத்துவைக்காத சாக்குகள் பாறைமேல் நனைந்து, உள்ளே எல்லாம் கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது. மையும் கரைந்து வழிந்து, ஊர்ப் பெயரில் வட்டங்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. அன்றைக்குத்தான் பூங்காவு வாயைத் திறந்தார்.

“பாரு, நீ ரகம் பிரிச்சது.”

மறுநாள் நான் இறங்கிவிட்டேன். கரும்புக்கு வர முடியாமல் நின்றுபோன ஒன்பது வீட்டுக்காரர்களைப் பாதையில் பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை. பிறகு கலசப்பாக்கத்தில் நெல் மண்டி, அங்கிருந்து எங்கெங்கோ. மனு போட்ட இடங்களிலிருந்து பதில் வந்ததா என்று தெரியாது. வந்திருந்தால் அந்தத் தபால்காரர் வைத்துக்கொண்டு என்ன செய்தாரோ.

இப்போது பஸ் நிறுத்தத்தில் யாராவது “இப்ப பஸ் வருங்களா?” என்று கேட்டால், “எனக்குத் தெரியாதுங்க” என்பேன். எதிரில் பலகையில் நேரம் எழுதியிருந்தாலும் அதைத்தான் சொல்வேன். முரட்டு ஆள் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

மருந்துக் கடைக்காரரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். “இது எந்த ஊருச் சரக்குங்க?”

“தெரியல சார். மொத்தக் கடையிலேருந்து வருது.”

மூலையில் கிடந்த மூட்டையைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கு. எடையும் தொகுதி எண்ணும் அச்சடித்திருந்தார்கள். ஊர்ப் பெயர் இல்லை. வேலை போன ஒருவன் அதைப் படித்துவிட்டு எங்கேயும் பஸ் ஏற முடியாது. ஒருவேளை அது நல்லதற்காகவும் இருக்கலாம். பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கையை முகர்ந்தபோது இரண்டு விரலில் அந்தப் பழைய குழி வாடை இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குக் கை கழுவியதும் போய்விட்டது.