கரைக்குக் கீழே வீடுகள்

என் வீட்டுக்காரர் பங்குக்கு வந்தது கொஞ்சம் வயலும் ஒரு மண் கரையும் அதில் தேங்கும் தண்ணீரும். திருவாதவூர் பக்கம், எங்கள் பட்டா நிலத்தில் இருக்கிறது. அவர் போன பிறகு நான்தான் பார்க்கிறேன். எலி வளை கண்டால் அடைப்பேன். கருவேலங்கன்று முளைத்தால் வேரோடு பிடுங்குவேன். அந்தக் கரையை ஒருவரும் குறை சொல்ல முடியாது என்ற திமிர் எனக்கு உண்டு.

போன மழைக்காலத்துக்கு முன்னால் கரையடியில் ஈரம் தெரிந்தது. ஒத்தக்கடையிலிருந்து ஒரு என்ஜினீயரைக் கூட்டி வந்தேன். கசிவை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தார்.

"தெளிவாத்தான் வருது. கலங்கலா வந்தாத்தான் பயம்" என்றார். பிறகு கரைமேல் ஏறி, தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"கரை இங்க இருக்கு சார். அங்க என்னத்தப் பாக்குறீக?"

"வீடுகளை."

கீழே கிடந்த கருவேலங்காடு என் கொழுந்தன் பங்கு. அவன் அதைப் பிளாட் போட்டு விற்றான். நடுவில் ஓடிய ஓடையைத் தூர்த்துத் தெருவாக்கினான். இப்போது அங்கே கொடிகளில் பள்ளிக்கூடச் சட்டைகள் காய்கின்றன.

"இது உயர் அபாய வகைம்மா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எங்கரையில என்ன ஓட்டையக் கண்டீக?"

"கரை நல்லாருக்கு. ஆனா வகை பிரிக்கிறது கரையப் பாத்து இல்ல. ஒடைஞ்சா கீழ யாரு சாவாங்கன்னு பாத்து. காடா இருந்தப்ப இது தாழ்ந்த வகை. இம்புட்டுச் சின்னதுக்கு எந்த ஆபீசும் தேடி வராது. நீங்களாத்தான் செய்யணும்."

நிறைந்த தண்ணீர் வெளியேற எங்கள் கரையில் கல் வைத்துக் கட்டிய கலுங்கு உண்டு. தெருவுக்குத் தண்ணீர் வந்தால் மிச்சப் பிளாட் விற்காது என்று கொழுந்தன் அதில் மணல் மூட்டை அடுக்கியிருந்தான். போக வழியில்லாத தண்ணீர் கரைமேல் வழிந்தால் மண் கரை அப்படியே கரைந்துபோகும். மூட்டையை எடுத்து, கலுங்கையும் இரண்டடி இறக்கச் சொன்னார் என்ஜினீயர். இறக்கினால் தண்ணீர் குறைவாகத்தான் தேங்கும்; எனக்குக் கோடை நெல் கிடையாது. தொலையட்டும் என்று ஆள் விட்டேன்.

கொழுந்தன் வண்டியில் வந்து இறங்கினான். "வீடு கட்டுனவுக பாடு அது மதினி. ஒங்களுக்கு என்ன வந்துச்சு?"

"கரை எம்பேர்ல இருக்கு. அது ஒடைஞ்சு பிள்ளைக செத்தா, கொன்னவ நான்."

"மழைக்கு மழை தெருவுல தண்ணி ஓடும். பிளாட்ட ஒரு பய சீண்ட மாட்டான்."

"அப்ப தூர்த்த ஓடையத் தோண்டு. இல்லையா, விக்காத பிளாட்டுல நீ பொண்டாட்டி பிள்ளையோட குடியேறு. நானே மூட்டைய அடுக்கித் தாரேன்."

அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். கலுங்கை இறக்கி முடித்தேன்.

மழை பிடித்தது. கலுங்கு வழியாகத் தண்ணீர் சீராக வெளியேறியது. கரையின் உச்சியை அது எட்டவே இல்லை. மூலை வீட்டுக்காரி குடையோடு கரைக்கு ஏறி வந்தாள்.

"அக்கா, ஒங்க தண்ணி எங்க வாசல்ல ஓடுது. வண்டிய எடுக்க முடியல."

"எம்புட்டு ஓடுது?"

"கணுக்கால் அளவுக்கு."

"இந்தக் கரை ஒடைஞ்சா ஒன் வீட்டுக் கூரைக்கு வரும். கணுக்காலோட போகுதேன்னு இரு."

அவள் முகம் மாறியது. தேங்கிய தண்ணீரையும் கீழே தன் வீட்டையும் திரும்பிப் பார்த்தாள். அதுவரை அவளிடம் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

"ஓடையத் தோண்டித் தரச் சொல்லி, பிளாட் வித்தவன்கிட்டக் கேப்போம்" என்றேன். "தெருக்காரங்களக் கூப்புடு. நானும் வாரேன்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளோடு இறங்கினேன்.