தண்டில் வைத்த சந்தனம்

சிட்னியில் பனி விழாது. ஆனாலும் பத்து வருடங்கள் நான் ஐஸில் வழுக்கும் வண்டிப் பந்தயத்துக்குப் பயிற்சி எடுத்தவள். காலையில் பரமட்டா மைதானத்தில், தரையில் உருளச் சில்லுப் பூட்டிய வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுவேன். மாலையில் நார்த்மீட் வீட்டு கராஜில், பந்தய வண்டியின் அடியிலுள்ள இரண்டு எஃகுத் தண்டுகளைக் கண்ணாடிபோலத் தேய்ப்பேன். வண்டியில் குப்புறப் படுத்து, தலை முன்னே போக இறங்க வேண்டும். தண்டில் கீறல் விழுந்தால் வேகம் போய்விடும்.

ஒருமுறை வெளிநாட்டுப் பந்தயத்துக்குப் புறப்படும் நேரம் சரஸ்வதி பூசை வந்தது. மறுநாள் பார்த்தால் இரண்டு தண்டுகளிலும் சந்தனம், குங்குமம். ஈரத்தில் துருப் பிடித்திருந்தது.

"உங்களுக்கு என்ன தெரியும்? இனி இதைத் தொடாதேங்கோ" என்று அம்மாவிடம் கத்தினேன்.

"நீ தலைகீழாப் போற சாமான், பிள்ளை. கும்பிடுறதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?" என்றார்.

அதன்பிறகு அவர் கராஜுக்குள் வரவேயில்லை.

போன வருடம் விளையாட்டை விட்டுவிட்டேன். வண்டி சுவரில் தொங்குகிறது. இந்த வருடப் பூசையன்று அம்மா சந்தனக் கிண்ணத்தோடு கராஜ் வாசலில் நின்றார்.

"இப்ப தொடலாமே, பிள்ளை?"

வண்டியை இறக்கி, தண்டுகள் மேலே தெரியும்படி அவர் முன்னால் வைத்தேன்.

அன்றைய துருவை ஒரு மணி நேரத்தில் தேய்த்து எடுத்துவிட்டேன். நான் சொன்ன சொல் இத்தனை வருடமும் அம்மாவிடம் அப்படியே இருந்திருக்கிறது.