கட்டுத்தரைக்குள்ள போகாத பக்கெட்டு

தம்பிதுரைக்கு 'இல்லை'ங்கற சொல்லு மட்டும் வாயில வரவே வராதுங்க. அவிநாசிப் பக்கம் தென்னந்தோப்பு, நாலஞ்சு மாடு, சிரிச்ச மொகம். யாரு வந்து எதைக் கேட்டாலும், "அதுக்கென்னங்க, எடுத்துட்டுப் போங்க"ம்பாரு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் குடுத்த ஏணி இன்னும் திரும்பலை. மருந்தடிக்கிற மிசினு யாரு ஊட்டுல கெடக்குதுன்னு அவருக்கே மறந்துபோச்சு. ஒருக்கா பக்கத்துத் தோட்டத்துல கடப்பாரை இரவல் வாங்கிட்டு வந்தாரு. ஊட்டுல வந்து பார்த்தா அது அவரோட கடப்பாரை!

சம்சாரம் சாமியாத்தாளுக்கு இதெல்லாம் பழகிப்போச்சு. இடுப்புவலி மட்டும் பழகலை. கல்யாணமாகி வந்த நாளா மாடு கட்டற கட்டுத்தரைச் சாணியைக் கூடையில அள்ளி, தலையில சுமந்து, எருக்குழியில கொட்டறது அந்தம்மாதான். ஆளு வெக்கலாம்னா, பனியன் கம்பெனி வேன் ஊருக்குள்ளயே வந்து எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போயிருது. "இனிமேலும் குனிஞ்சு பாரம் தூக்கினீங்கன்னா படுத்த படுக்கைதான்"னு டாக்டரு கண்டிசனாச் சொல்லிட்டாரு. அன்னைக்கே தம்பிதுரை, இருக்கற குட்டி டிராக்டருக்கு முன்னால லோடரு ஒண்ணு மாட்டிப்போடறதுன்னு முடிவு பண்ணினாரு.

லோடருங்கறது பாரம் தூக்கற வெறும் கைதானுங்க. அந்தக் கையில எதை மாட்டறதுங்கறதுதான் கேள்வி. சாமியாத்தா கட்டுத்தரை வாசலை மாட்டுக்கயித்துல அளந்து, முடிச்சுப் போட்டுக் குடுத்தாங்க. "ஏனுங்க, டிராக்டரு நுழையற அளவுதான் வாசலு. இந்த முடிச்சைத் தாண்டி அகலமா எதையும் வாங்கிப்போடாதீங்க." கயிறு சட்டைப் பையில பத்திரமாப் போயி உக்காந்துச்சு.

சேதி வெள்ளகோவிலுக்கு எப்படித்தான் போச்சோ, காலையிலயே சாமியாத்தாளோட அண்ணன் திருமலைசாமி பைக்குல வந்து எறங்கிட்டாரு. "தனியாப் போனா ஏமாத்திப்போடுவாங்க மாப்ள, நானும் வாரேன்."

டிராக்டரு சாமான் கடையில கிருபாசங்கருன்னு ஒரு பையன் நல்லாத்தான் சொன்னான். "மண்ணு, மணலுன்னா பக்கெட்டுங்க. சோளத்தட்டும் சாணியும் கலந்து கெடக்குற எருவுன்னா, முள்ளுக்கரண்டியாட்டம் இருக்கற இந்த முள்ளுதானுங்க. பல்லால குத்தி அலுங்காமத் தூக்கிரும். அகலமும் கம்மி."

"முள்ளா? என்ன, பிரியாணி திங்கப் போறமா?" திருமலைசாமி சிரிச்ச சிரிப்புல கடையே திரும்பிப் பார்த்துச்சு. "அந்தப் பெரிய பக்கெட்டைக் காமி தம்பி. மாப்ள, தோட்டத்துல நின்னா ஒரு கௌரவம் வேண்டாமா? நாளைக்கே என்ற களத்துத் தேங்காயைக்கூட இதுல அள்ளிரலாம்!"

ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுத கதை. தம்பிதுரைக்கும் புரியாம இல்லை. கை சட்டைப் பைக்குப் போயி கயித்தைத் தொட்டுச்சு. "மச்சான், கட்டுத்தரை வாசலு..."

"வாசலு கெடக்குது உடு!"

"அதுக்கென்னங்க மச்சான்"னுட்டாரு மனுசன். சொல்றப்பவே எனக்குப் பத்திக்கிட்டு வருது.

சாயங்காலம் பக்கெட்டை மாட்டி கட்டுத்தரைக்கு ஓட்டினாரு. டங்குனு ரெண்டு பக்கத்துத் தூணுலயும் முட்டி நின்னுச்சு. செவலைப் பசு தலையை நீட்டி, பக்கெட்டுக்குள்ள தீவனம் ஏதாச்சும் இருக்குதான்னு மோந்து பார்த்துச்சு. "வாசலை இடிச்சுக்கலாம் மாப்ள. நாளன்னிக்கு வந்து டிராக்டரை எடுத்துக்கறேன்"னு திருமலைசாமி கெளம்பிட்டாரு.

சட்டையைத் தொவைக்க எடுத்தப்ப, சுருட்டின கயிறு அப்படியே கீழ உழுந்துச்சு. சாமியாத்தா அதைப் பார்த்தாங்க, அவரையும் பார்த்தாங்க. கூடையை எடுத்துக்கிட்டுப் போயிக் குனிஞ்சாங்க. "அம்மா"ன்னு ஒரு சத்தம். தம்பிதுரைக்கு நெஞ்சே அறுந்துபோச்சு. நாலு திட்டுத் திட்டியிருந்தாக்கூடப் பொறுத்திருப்பாரு. ஓடிப்போயிக் கூடையைப் புடுங்கி, அன்னைக்குச் சாணியை அவரே அள்ளினாரு. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்னு நாம ஆயிரம் சொல்லலாம், அவருக்கு அந்தக் கூடைதான் சொல்லுச்சு.

மறுநாள் தனியாக் கடைக்குப் போனாரு. தூணுல முட்டுனதுல பக்கெட்டுல ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் துண்டால தொடைச்சு எறக்கிட்டு, கயித்தை மேசை மேல வெச்சாரு. "கண்ணு, இந்த முடிச்சுக்குள்ள அடங்கறதைக் குடு." முள்ளு ஊடு வந்து சேர்ந்துச்சு. வாசல்ல வழுக்கிக்கிட்டு நுழைஞ்சு, கட்டுத்தரையைச் சுத்தமா வழிச்செடுத்துச்சு. கூடையைக் கவுத்துப்போட, அது மேல கோழி ஏறி உக்காந்துக்கிச்சு.

சொன்னபடி திருமலைசாமி வந்தாரு. "மாப்ள, பக்கெட்டு எங்க?"

"அதுக்கென்..."ன்னு பழக்கத்துல பாதி வந்துருச்சு. மீதியை முழுங்கினாரு. "இல்லீங்க மச்சான். குடுத்துட்டு முள்ளு வாங்கியாந்துட்டேன்."

தன் வாயிலருந்தா வந்துச்சுன்னு அவருக்கே திக்குனு ஆயிருச்சு.

"அட, அப்ப அந்த முள்ளையாச்சும் குடு. தென்னமட்டையைக் குத்தி அள்ளிக்கறேன்."

"அது என்றதில்லீங்க, உங்க தங்கச்சியோடது. அவளைக் கேளுங்க."

சாமியாத்தா கோழியை வெரட்டிட்டு, கவுந்து கெடந்த கூடையைத் தூக்கி அண்ணன் கையில குடுத்தாங்க. "முள்ளைத் தாராளமா எடுத்துட்டுப் போங்கண்ணா. அது திரும்பி வர்ற வரைக்கும் தெனமும் வெடியால வந்து, சாணியை மட்டும் அள்ளிப் போட்டுட்டுப் போயிருங்க."

திருமலைசாமி காப்பிகூடக் குடிக்கலை. பைக்கு வெள்ளகோவில் பக்கம் பறந்துச்சு.

சேதி ஊருக்குள்ள பரவ, ரெண்டு நாள் கழிச்சு யாரும் கேக்காமயே பொங்கலுக்குப் போன ஏணி ஊடு வந்து சேர்ந்துச்சுங்க.