லக்கேஜில் வந்த ஸ்டீயரிங்

உலகத்தில் எந்தச் சாமான் கெட்டுப்போனாலும் துபாயிலிருந்து யாராவது ஒருத்தர் லக்கேஜில் கொண்டுவந்துவிடுவார் என்று மனதார நம்பியவன் நான். சிரிக்காதீர்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் எங்கள் ஆட்களின் வீடுகளில் போய்ப் பாருங்கள். போர்வை லக்கேஜில் வந்தது. சென்ட், டார்ச் லைட், ரைஸ் குக்கர், பேரீச்சம்பழம், குழந்தைக்குப் பால் பவுடர் எல்லாம் லக்கேஜில் வந்தன. சில வீடுகளில் மாப்பிள்ளையே லக்கேஜோடு லக்கேஜாக நிக்காஹுக்கு முதல் நாள்தான் வந்து இறங்குவார். இத்தனையும் வரும்போது ஒரு காருக்கு உதிரிபாகம் வராதா?

இந்த நம்பிக்கை ஒன்றை வைத்துக்கொண்டுதான், நாட்டை விட்டே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்ட ஒரு கம்பெனியின் பழைய காரை வாங்கினேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியா பார்க்கப்போகிறது? வெளிநாட்டுக்காரனுக்குக் கதவைத் திறந்துவிட்டோம் என்று சர்க்கார் சொன்ன காலத்தில் உள்ளே வந்த கூட்டத்தில் அதுவும் ஒன்று. அவர்கள் உள்ளே வந்த நேரத்தில்தான் நான் வெளியே போனேன், துபாயில் டெலிவரி வேன் ஓட்ட. வருஷங்கள் கழித்து, இடுப்பு வலியும் கொஞ்சம் சேமிப்புமாகத் திரும்பி வந்து தஞ்சாவூரில் மிக்ஸி, கிரைண்டர் கடை போட்டேன். நான் ஒரு வழியாக வந்து உட்கார்ந்ததும் அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். புறவழிச்சாலையில் அவர்களுடைய கண்ணாடி ஷோரூம் இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் விற்கிறார்கள்.

ஏன் அந்த வண்டி? காரணம் என் மாமனாருடைய முழங்கால். வேதாரண்யத்தில் உப்பு வியாபாரம் செய்தவர். உப்பளத்தில் நின்று நின்று இரண்டு முழங்காலும் போய், அதன் பிறகு நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும் சீக்கும் சேர்ந்தது. அடிக்கடி தஞ்சாவூருக்குக் கூட்டிவந்து டாக்டரிடம் காட்ட வேண்டும். என்னுடைய பழைய சின்னக் காரில் அவரை ஏற்றுவது, பீரோவை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளுவது மாதிரி. கால் மடங்காது. ஒவ்வொரு தடவையும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "அல்லாஹ்" என்று ஒரு சத்தம் கொடுப்பார். என் மனைவி அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அத்தா என்று அவள் கூப்பிடுகிற அப்பாவுக்கு அவள் ஒரே பெண். உயரமான வண்டி, ஆனால் எங்கள் சந்துக்குள் நுழையக்கூடிய வண்டி வேண்டும். அந்தக் கம்பெனி அப்படி ஒன்று செய்திருந்தது. சீட், நின்ற மனுஷனுடைய இடுப்பு உயரத்தில் இருந்தது.

விற்றவர் கனடாவுக்குக் குடிபோகிற ஒரு இன்ஜினியர். "வண்டி தங்கம் சார், மனசே இல்லாமத்தான் குடுக்கிறேன்" என்றார். கம்பெனியும் போய்விட்டது, வண்டிக்காரரும் போகிறார், மிச்சம் இருப்பது நானும் வண்டியும்தான் என்று அப்போதே ஒரு பல்லி என் மண்டைக்குள் சத்தமிட்டது. நான் அதை விரட்டிவிட்டேன்.

மனைவி மட்டும் கேட்டாள்: "என்னங்க, ஊரை விட்டுப் போனவன் வண்டியைப் போயா வாங்குவீங்க?"

"நானும்தான் ஊரை விட்டுப் போனேன். என்னை நீ வெச்சுக்கலையா?"

"நீங்க திரும்பி வந்தீங்க. அவன் வருவானா?"

பதிலுக்கு ஒரு ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று மறந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை என்பது ஞாபகம் இருக்கிறது.

முதல் தடவை அந்த வண்டியை எடுத்துக்கொண்டு வேதாரண்யம் போனபோது மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வண்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"கம்பெனிக்காரன் ஓடிட்டானாமே மாப்பிள்ளை?"

"ஓடினது கம்பெனி மாமா. வண்டி நம்மகிட்டதானே இருக்கு."

"அது சரி. பொண்ணு வீட்டுக்காரன் ஊரைக் காலி பண்ணிட்டா, அப்புறம் பொண்ணுக்கு ஒண்ணுன்னா யாரைப் போய்க் கேக்கிறது?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்தால் இருமல் வரும், இருமினார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சீட்டில் பின்பக்கத்தைச் சாய்த்தார், அவ்வளவுதான், உள்ளே இருந்தார். கண்ணை மூடவில்லை, சத்தமும் இல்லை. திருத்துறைப்பூண்டி தாண்டும் வரை ஜன்னல் வழியாக இரண்டு பக்கமும் நடவு வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். "லாரிக்காரன் மாதிரி எல்லாம் தெரியுது" என்றார். பின் சீட்டில் என் மனைவி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். அன்றைக்கு என்னை மிஞ்சிய கெட்டிக்காரன் காவிரிக் கரையில் கிடையாது.

அடுத்த முறை போவதற்குள் ஸ்டீயரிங் கெட்டது. ஸ்டீயரிங் ராக் என்று ஒரு இரும்புத் தண்டு உண்டு, நாம் மேலே சுற்றுவதைச் சக்கரத்துக்குச் சொல்வது அதுதான். அதில் எண்ணெய் கசிந்தது. வண்டியைத் திருப்ப, அடைத்துக்கொண்ட மதகைத் தூக்குகிற மாதிரி தம் பிடிக்க வேண்டியிருந்தது. மெக்கானிக் நாலு இடத்துக்குப் போன் போட்டுவிட்டு, "சாமான் இல்ல பாய். கம்பெனி இருந்தா ரெண்டு நாள்ல வரும்" என்றார். கம்பெனி இருந்தால் நானே ஏன் இவ்வளவு பயப்படப்போகிறேன்?

எனக்கு வேர்த்துக் கொட்டியது. வேர்த்தாலும் லக்கேஜ் இருக்கிறதே! மாமாவின் மகன், என் மச்சான், ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். அத்தாவுக்கு முடியவில்லை என்று லீவு எழுதிக்கொடுத்துக் காத்துக்கொண்டிருந்தான். அங்கே பழைய கார் சாமான்களுக்கென்றே ஒரு பேட்டை இருக்கிறது, நான் வேன் ஓட்டிய காலத்தில் அங்கே வெயிலில் அலைந்தவன். போனில் கூப்பிட்டு வண்டியின் பெயர், மாடல், வருஷம் எல்லாம் சொன்னேன். இரண்டே நாளில் கிடைத்துவிட்டது. போட்டோ அனுப்பினான். பார்த்ததும் கூவினேன். தெருவில் போன ஆட்டோக்காரர் நின்று விசாரித்தார்.

மச்சான் திருச்சி விமான நிலையத்தில் இறங்கி, டாக்ஸியில் வேதாரண்யம் போகிற வழியில் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தான். கம்பளியில் சுற்றிய நீளமான பொட்டலத்தைப் பிள்ளையைக் கொடுக்கிற மாதிரி என் கையில் கொடுத்தான்.

"கனம் மச்சான், செம கனம். அத்தாவுக்குன்னு மடக்குற வீல் சேர் ஒண்ணு வாங்கி வெச்சிருந்தேன். வெயிட் ஏறிடுச்சு, ரூம்லயே வெச்சுட்டு வந்துட்டேன். அடுத்த ஆள் வரும்போது குடுத்து விடச் சொல்லியிருக்கேன்."

"வீல் சேர் எதுக்குடா? அத்தாவுக்குத்தான் நாலு வீல் வண்டி இருக்கே" என்றேன். அவனும் சிரித்தான்.

டாக்ஸி வாசலில் நின்றது. மனைவி பையை எடுத்துக்கொண்டு வந்தாள். "நானும் தம்பியோட போயிடவா? அத்தா போன்ல பேசுறப்ப மூச்சு வாங்குது."

நான்தான் தடுத்தேன். "நாளைக்குக் காலையில நம்ம வண்டியில ராஜா மாதிரி போவோம். அத்தாவை அப்படியே ஏத்திக்கிட்டு வந்துடலாம். டாக்டர்கிட்டயும் சொல்லியாச்சு." அவள் பையைக் கீழே வைத்தாள். மச்சான் மட்டும் போனான்.

பொட்டலத்தோடு பட்டறைக்குப் பறந்தேன். இங்கே என்னுடைய முன்யோசனையைச் சொல்ல வேண்டும். சாமான் வருவதற்குள் வேலை பாதி முடிந்திருக்கட்டும் என்று, முந்தின நாளே பழைய ராக்கைக் கழற்றச் சொல்லியிருந்தேன். கழற்றியது கண் முன்னால் கிடந்தால் எரிச்சலாக இருக்கிறது என்று, தெருவில் வந்த பழைய இரும்பு வண்டிக்காரனைக் கூப்பிட்டு, எடுத்துக்கொண்டு போ என்று நானே கொடுத்துவிட்டேன். மெக்கானிக்கும் தடுக்கவில்லை. அவரும் லக்கேஜை நம்புகிற ஊர்க்காரர்தான்.

கம்பளியைப் பிரித்தோம். புத்தம் புதிது போல இருந்தது. மெக்கானிக் அதை வண்டிக்கு அடியில் வைத்துப் பார்த்தார். எடுத்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். வெளியே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"பாய், அங்கல்லாம் ஸ்டீயரிங் எந்தப் பக்கம்?"

நான் அத்தனை வருஷம் துபாயில் வண்டி ஓட்டியவன். தினமும் இடது பக்கம் ஏறி, இடது பக்கம் உட்கார்ந்து, இடது பக்கம் இறங்கியவன். ஊருக்கு லீவில் வரும்போதெல்லாம் பழக்கதோஷத்தில் தவறான கதவைத் திறந்துகொண்டு நின்று ஊரைச் சிரிக்க வைத்தவன். எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. மச்சானுக்கும் வரவில்லை. விற்றவனுக்கு வர வேண்டிய அவசியமில்லை.

"தலைகீழாப் போட்டா?" என்றேன்.

"போட்டா ரைட்ல திருப்பினா லெஃப்ட்ல போகும்."

"போகட்டுமே. நான் பழகிக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், தண்ணீர் வேண்டுமா என்று கேட்கலாமா என்கிற யோசனை தெரிந்தது. நான் நிஜமாகவேதான் சொன்னேன். பழைய இரும்புக் கடைக்கு ஓடினேன். அது காலையிலேயே லாரியில் ஏறிவிட்டது என்றார்கள். லாரி போன திசையைக் கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை.

அப்போதுதான் மனைவியிடமிருந்து போன். "அத்தாவுக்கு ரொம்ப முடியலையாம். நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோறாங்களாம். வண்டி ரெடியா?"

"முடிஞ்சிடுச்சு, முடிஞ்சிடுச்சு. ஒரு மணி நேரம்."

"முடிஞ்சிடுச்சா, ஒரு மணி நேரமா?"

"ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்."

போனை வைத்துவிட்டாள். நான் மெக்கானிக்கின் போனிலிருந்தும் என் போனிலிருந்தும் ஊர் ஊராகக் கூப்பிட்டேன். சென்னையில் விபத்தில் நொறுங்கிய அதே மாடல் வண்டி ஒன்று பிரிக்கக் கிடந்தது. நம் ஊர் வண்டி, வலது பக்க ஸ்டீயரிங். ராக்கைக் கழற்றி ராத்திரி பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுவதாகவும் காலை எட்டுக்குத் தஞ்சாவூரில் இருக்கும் என்றும் சொன்னார்கள். வெற்றி வீரனாக வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. அவள் என்னிடம் பேசி முடித்த கையோடு புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறிவிட்டாளாம். சாவி பக்கத்து வீட்டில் இருந்தது.

அவளுக்குப் போன் போட்டு, "நில்லு, டாக்ஸி பிடிச்சு வர்றேன்" என்றேன்.

"பஸ் நீடாமங்கலம் தாண்டிடுச்சு. நீங்க வண்டியைப் பாருங்க" என்றாள். அதில் கோபம் இருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மாமாவை வேதாரண்யத்திலிருந்து கொண்டுவந்தது பக்கத்து வீட்டுக்காரருடைய மீன் வேன். ஐஸ் பெட்டிகளை இறக்கிவிட்டு, கழுவி, மெத்தை விரித்துப் படுக்க வைத்து, மச்சான் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தானாம். அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போன சிறிது நேரத்தில் இவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மாமா அவளைப் பார்த்து, "வண்டியிலயா வந்தே?" என்று கேட்டாராம். ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள்.

விடியும் நேரத்தில் மச்சான் போன் செய்தான். அத்தா மவுத்தாகிவிட்டார். மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் வேதாரண்யத்தில் அடக்கம்.

எங்களில் அடக்கத்தைத் தள்ளிப்போடுவதில்லை. வெளிநாட்டு மகனுக்காகவே காத்திருக்க மாட்டார்கள், மருமகனுக்காகவா? அப்போதே பஸ் ஏறியிருந்தால் தாராளமாகப் போய்ச் சேர்ந்திருக்கலாம். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். ஆனால் எட்டு மணிக்குப் பார்சல் வந்துவிடும், மாட்ட ஒரு மணி நேரம், ஒன்பதரைக்குக் கிளம்பினால் பன்னிரண்டரைக்கு அங்கே என்று இன்னொரு கணக்கும் போட்டேன். அத்தனை பெருமை பேசிய வண்டி இல்லாமல், மஞ்சள் பையோடு பஸ்ஸில் போய் இறங்கினால் சொந்தக்காரர்கள் என்ன கேட்பார்கள் என்பதுதான் அந்தக் கணக்கின் அடியில் இருந்தது. எல்லோரையும் கேலி செய்து பிழைக்கிறவனுக்குத் தன்னைக் கேலி செய்துவிடுவார்களோ என்பதை விடப் பெரிய பயம் கிடையாது. மவுத்து வீட்டில் யாருக்கும் அதற்கெல்லாம் நேரம் இருக்காது என்று அப்போது தோன்றவில்லை.

பார்சல் பதினொன்றரைக்கு வந்தது. இந்தத் தடவை பொருந்தியது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, "இப்ப ஒரு விரல்ல திருப்பலாம் பாய்" என்றார். உண்மைதான். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வண்டி வெண்ணெய் மாதிரி போனது. எங்கேயும் ஒரு சத்தம் இல்லை, ஒரு கசிவு இல்லை.

லுஹருக்குப் பிறகு மாமாவை அடக்கம் செய்தார்கள். சாயங்காலத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லும்போது நான் போய்ச் சேர்ந்தேன்.